எலி ஏன் சாகவில்லை?

(ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளரும் தோட்டக் கிராணிமாரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி பற்றிப் பேச வேண்டிய மேடையில் எலியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது எங்கள் கண்ணில் படுகிறது. சிரியுங்கள், தவறில்லை. பிள்ளையாரைச் சுமக்கும் பிராணி அது. அதைச் சற்று நேரம் நாம் சுமந்து பார்ப்பதால் குறைந்துபோய்விட மாட்டோம். ஆனால் இந்த எலி விவகாரத்தில் நம்முடைய உழைப்பும், நம்முடைய நல்ல பெயரும், லயத்தில் விளையாடும் நம் பிள்ளைகளின் உயிரும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

நம்மில் பலர் பால்மரக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அந்தக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனைக் காடாக மாறிவிட்டது. ஒரே தோட்டத்தில் ஒரு பக்கம் ரப்பரும் மறுபக்கம் செம்பனையுமாக வேலை பார்க்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ரப்பர் மரத்தில் எலிக்கு என்ன இருக்கிறது? நாற்றுமேடையில் விதையைக் கொறிக்கலாம், அதோடு சரி. செம்பனையோ அதற்கு வருஷம் முழுவதும் விருந்து. பழத்தைத் தின்கிறது, காயைத் தின்கிறது, உதிரிப் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. மகரந்தச் சேர்க்கைக்கென்று 1981-ல் ஆப்பிரிக்காவின் கமரூனிலிருந்து தருவித்து விட்டார்களே ஒரு வண்டு, அதன் புழுவையும் ஆண் பூவைப் பிய்த்துத் தின்கிறது. ஒரு ஹெக்டேரில் 200 முதல் 600 எலிகள் வரை இருக்கும் என்றும், கவனிக்காமல் விட்டால் எண்ணெய் விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு போய்விடும் என்றும் இந்நாட்டுத் தோட்டங்களில் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே நிர்வாகம் மருந்து வைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை.

மருந்து வைப்பது யார்? நாம். ஒவ்வொரு மரத்தடியிலும் மெழுகில் பிடித்த ஒரு கட்டி. நாலு நாள் கழித்து மீண்டும் அதே நிரையில் நடந்து, எங்கெங்கே கட்டி காணாமற்போயிருக்கிறதோ அங்கெல்லாம் புதுக் கட்டி. நூறு மரத்தில் இருபதுக்கும் குறைவான இடத்திலேதான் கட்டி போயிருக்கிறது என்று ஆகும்வரை இப்படிச் சுற்றிவர வேண்டும். பிரையன் உட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த முறை இது. நல்ல முறைதான்.

சரி, மூன்று சுற்று போயிற்று, நாலு சுற்று போயிற்று. இன்னும் குலையில் எலி கடித்த தடம் குறையவில்லை என்றால் பழி யார் தலையில் விழுகிறது? "பாதி நிரையில் கொட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டான்" என்று தண்டல் சொல்வார். "ஆள் சரியில்லை" என்று மேலே உள்ளவர் எழுதிவிடுவார். எங்கோ ஒரு சமயம் அது உண்மையாகவும் இருக்கும். நம் ஆட்கள் எல்லாரும் தேவர்கள் என்று நாங்கள் சாதிக்கவில்லை. ஆனால் மருந்தை ஒழுங்காக வைத்து, எலி அதை ஒழுங்காகத் தின்று, தின்ற எலி சாகாமல் நடமாடுகிற சந்தர்ப்பமும் உண்டு. அது மாயமுமல்ல, மந்திரமுமல்ல. விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிந்துவைத்திருக்கிற செய்தி. தோட்டத்துத் தொழிலாளிக்கு மட்டும்தான் யாரும் அதைச் சொல்லவில்லை.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். விடியற்காலையில் உளி போட்டால் பால் வடிகிறது. சில மணி நேரத்தில் தானே நின்றுவிடுகிறது. யார் நிறுத்தினார்? மரமே தன் பால்குழாய்களின் வாயை அடைத்துக்கொள்கிறது. அடைத்துக்கொள்ளாவிட்டால் மரத்தின் கதி என்ன? வாளியில் பால் முன்கூட்டியே உறைந்துவிடக் கூடாதென்று நாம் அமோனியா விடுகிறோம். ஸ்டோரில் உறைய வேண்டுமென்று அமிலம் விடுகிறோம். ரத்தத்தின் வழி வேறு என்றாலும் காரியம் இதே மாதிரிதான். காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. அப்படி உறைவதற்கு வேண்டிய பொருள்களை ஈரல் தயாரிக்கிறது. தயாரிப்பதற்குக் கீரை முதலியவற்றில் உள்ள வைட்டமின் 'கே' தேவை. இந்த வைட்டமினை உடம்பு ஒரு தடவை உபயோகித்துவிட்டு எறிந்துவிடுவதில்லை. நேற்றுப் பால் பிடித்த மங்கைத் துடைத்து இன்றும் மரத்தில் மாட்டுகிறோமல்லவா, அதுபோல அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து உபயோகிக்கிறது. புதுப்பிக்கிற வேலையைச் செய்ய ஒரு நொதி இருக்கிறது. எலி மருந்தாகிய வார்பரின் அந்த நொதியைப் பிடித்து வேலை செய்யவிடாமல் நிறுத்திவிடுகிறது. மங்கு துடைக்க ஆளில்லை. புது மங்கும் போதவில்லை. நாலைந்து நாளில் எலியின் ரத்தம் உறையும் சக்தியை இழக்கிறது. உள்ளுக்குள்ளேயே கசிந்து செத்துப்போகிறது.

இந்த நாலைந்து நாள் தாமதத்தில்தான் மருந்தின் சாமர்த்தியம் இருக்கிறது. எலி சந்தேகப் பிராணி. பழைய துத்தநாக பாஸ்பைடு மருந்தைக் கொஞ்சம் கடித்துப் பார்க்கும்; வயிற்றைப் புரட்டினால் பிழைத்த எலி மறுபடி அதன் பக்கம் திரும்பாது. வார்பரின் தின்ற எலிக்கோ முதல் நாள் ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாளும் தெரியாது. தின்றதற்கும் நோவுக்கும் அது முடிச்சுப் போடுவதில்லை.

இந்த மருந்து பிறந்த கதை ஒரு விவசாயியின் கண்ணீரிலே ஆரம்பமாகிறது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனப் புல்லைத் தின்றவை அவை. 1933-ல் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த கன்றையும் உறையாத ரத்தம் நிரம்பிய பால் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு, கொட்டும் பனியில் மாடிசன் நகரத்துக்கு வந்து, கார்ல் பால் லிங்க் என்ற ரசாயன ஆசிரியரின் கூடத்தில் இறக்கினார். லிங்கும் அவருடைய மாணவர்களும் பல வருஷம் உழைத்து அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் ஆக்கிய மற்றொரு பொருள்தான் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. பண உதவி செய்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வார்பரின் என்று பெயர் வைத்தார்கள்.

எலியின் வம்சமே தொலைந்தது என்று உலகம் முழுவதும் மகிழ்ந்தார்கள். பத்தே வருஷம்! 1958-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் எலிகள் வார்பரினைத் தின்றுவிட்டுச் சௌக்கியமாகத் திரிந்தன. 1960 வாக்கில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவேயுள்ள எல்லைப் பகுதியிலும் அதே கதை. 1962-ல் டென்மார்க். 1971-ல் மருந்து பிறந்த அமெரிக்காவிலேயே, வட கரோலினாவில். அங்கேயும் முதலில் மருந்து வைத்தவரைத்தான் குறை சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறோம். ஆள் எந்த நிறமானாலும் அந்த வழக்கம் ஒன்றுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். "எலி மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நாம் சொல்கிறோம். கள்ளுக் குடிப்பவன் கள்ளுக்குப் பழகுவதுபோல எலியும் பழகிவிட்டது என்று எண்ணம். அது தவறு. எந்த எலியும் பழகவில்லை. ஒரு பேச்சுக்காகச் சொல்கிறோம்: ஒரு காட்டில் ஆயிரம் எலி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்த நொதி சற்று வேறு அமைப்பில் இருக்கிறது. வார்பரின் வந்து பிடித்தாலும் பிடி வழுக்குகிறது. மருந்து வருவதற்கு முன்னால் இந்த எலிக்கு எந்த லாபமும் இல்லை. மருந்து வந்தது, மற்ற எலிகள் செத்தன, காடு முழுவதும் இந்த ஒன்றிரண்டுக்குச் சொந்தமாகிவிட்டது. அவை குட்டி போட்டன. குட்டிக்கும் அதே நொதி. மறு வருஷமும் அதே மருந்தை வைத்தோம். யாருக்கு உதவி செய்தோம்?

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ல் ஏற்பட்ட பிறகு என்ன செய்தார்கள்? அதிகப் பால் தரும் தாய்மரங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் மொட்டை ஒட்டுக் கட்டி, மட்டமான மரங்களை ஒதுக்கி, 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' போன்ற உயர்ந்த ரகங்களைப் பரப்பினார்கள். அவர்கள் பாலுக்காக மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டங்கள் ஒரே மருந்தை வருஷக்கணக்கில் வைத்து, விஷம் தாங்கும் எலியைத் தேர்ந்தெடுத்தன. தெரிந்து செய்தது அது, தெரியாமல் செய்தது இது, முறை ஒன்றே.

இது வெறும் ஊகமல்ல. 1967-ல் கிரீவ்ஸ், அயர்ஸ் என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள், வேல்ஸ் எல்லை எலிகளைச் சாதாரண எலிகளோடு சேர்த்துக் குட்டி போடவைத்து, இந்தத் தாங்கும் சக்தி ஒரே ஒரு பரம்பரைக் கூற்றினால் வருகிறது என்று காட்டினார்கள். இன்று மரபணு என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதுதான். அதிலும் தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குட்டி தப்பிக்கும். அந்த மரபணு எது என்று கண்டுபிடிக்க மேலும் முப்பத்தேழு வருஷம் ஆயிற்று. 2004-ல் ஜெர்மானியக் குழு ஒன்றும் அமெரிக்கக் குழு ஒன்றும் ஒரே சமயத்தில் அதைப் பிடித்தன. 'வி.கே.ஓ.ஆர்.சி.1' என்று பெயர். அது உண்டாக்கும் நொதி 163 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. அதில் 139-ஆம் இடத்தில் ஒரு கண்ணி மாறினால் போதும், வார்பரின் தோற்றுப்போகிறது. 163-ல் ஒன்று!

ஆனால் எலிக்கும் இது இலவசமாகக் கிடைக்கவில்லை. வேல்ஸ் எலிகளில் இரு பக்கமும் அந்தக் கூறு வாங்கிய குட்டிக்குச் சாதாரண எலியைவிடப் பல மடங்கு வைட்டமின் 'கே' வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தின்னாமலே அதற்கு ரத்தம் கசியும். ஆகவே மருந்தை நிறுத்தினால் அந்த எலிகள் மெல்ல மெல்லக் குறைகின்றன; தொடர்ந்து வைத்தால் பெருகுகின்றன. இந்த ஒரு செய்தியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சுண்டெலியின் கதை இதைவிட வேடிக்கை. சுண்டெலி எப்போதுமே வார்பரினுக்கு எளிதில் மசியாத பிராணி. தாங்கும் சக்தி உண்டா என்று சோதிக்க உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறையில் சாக்கடைப் பேரெலிக்கு மெல்லிய மருந்தை 6 நாள் கொடுக்கிறார்கள். சுண்டெலிக்கு அதைவிட ஐந்து மடங்கு காரமான மருந்தை 21 நாள் கொடுக்கிறார்கள்! 2011-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் உள்ள வீட்டுச் சுண்டெலிகளைப் பற்றி என்ன சொல்லுகிறது தெரியுமா? அவை வேறோர் இனமாகிய அல்ஜீரியச் சுண்டெலியோடு கலந்து, அந்த இனத்தின் மரபணுவைப் பெற்று, விஷத்திலிருந்து தப்பித்தனவாம். எலியே கலப்பு மணம் செய்து பிழைக்கிறது. நம்மவர் இன்னும் ஜாதி பார்த்துச் சம்பந்தம் பேசுகிறார்கள். அது போகட்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்த ஜார்ஜ் டவுன் சாக்கடையிலே ஓடுவது பேரெலி. கடை வீட்டு மேல்தளத்தில் ஓடுவது வீட்டெலி. செம்பனைக் காட்டில் பெரும்பாலும் இருப்பது காட்டெலி, தியோமான் தீவின் பெயரால் விஞ்ஞானிகள் அழைப்பது. இவை போதாதென்று, இந்தப் பினாங்குத் தீவில் நம் இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய பெருச்சாளி இனத்துச் சிறிய வகையும் ஒன்று உண்டு. அதுவும் நம் பாட்டன்மாரைப்போலக் கப்பலேறித்தான் வந்திருக்க வேண்டும்; கங்காணி மட்டும் தேவைப்படவில்லை.

1969-ல் ஏற்பட்ட மார்டி என்னும் விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தை உங்களுக்குத் தெரியும். கடலைத் தாண்டினால் செபராங் பிறையிலேயே அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 1982-ல் மலேசிய வீட்டெலியிடமும், 1983-ல் செம்பனைக் காட்டெலியிடமும் வார்பரினைத் தாங்கும் சக்தி இருப்பதை எழுத்தில் வெளியிட்டார்கள். பக்கத்து நாடான இந்தோனேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் வார்பரினின் உறவுக்கார மருந்தான கூமாடெட்ராலிலைத் தாங்கும் எலிகள் இருப்பதாக 2013-ல் செய்தி வந்தது. தோக்கியோ நகரத்து வீட்டெலிகளில் சில வேறொரு வழி வைத்திருக்கின்றன. நொதியை மாற்றிக்கொள்வதோடு நிற்காமல், ஈரலிலே விஷத்தை விரைவாக உடைத்து வெளியே தள்ளிவிடுகின்றன.

ஆக, 1983-லேயே அச்சில் வந்துவிட்ட விஷயம் இது. அதற்குப் பிறகும் மருந்து பலிக்காதபோதெல்லாம் "ஆள் சரியில்லை" என்று எழுதுவது எப்படி நியாயமாகும்?

மருந்து தோற்றதும் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1970-களில் இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன: டைபெனாகூம், புரோமாடியோலோன், புரோடிபாகூம். பின்னால் பிளோகூமாபென். எல்லாம் வார்பரின் குடும்பம்தான். பிடிப்பதும் அதே நொதியைத்தான். ஆனால் பிடி உடும்புப் பிடி. பல நாள் தின்ன வேண்டியதில்லை. புரோடிபாகூம் போன்ற கடுமையானவற்றில் ஒரு வேளை தின்றாலே போதும். ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். தாங்கும் எலிகளில் பலவற்றை இவை கொல்லுகின்றன என்பது உண்மை. ஆனாலும் இங்கிலாந்தின் தென்பகுதியில் டைபெனாகூமுக்கும் புரோமாடியோலோனுக்கும் மசியாத எலிகளும் வந்துவிட்டன.

காரம் கூடினால் ஆபத்தும் கூடும். அதை முதலில் அனுபவித்தது கூகை. மேற்குக் கரைச் செம்பனைக் காடுகளில் வெள்ளை முகத்தோடு இரவில் பறக்குமே, அந்தக் கூகைதான். முன்பு இந்தத் தீபகற்பத்தில் அது அபூர்வம். 1969-ல் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டமொன்றில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததைக் கண்டார்கள். பிறகு தோட்டங்களே மரக்கூண்டு செய்து கம்பத்தில் நாட்டி அதை வரவேற்றன. ஒரு ஜோடி குஞ்சுகளோடு ஒரு வருஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தீர்க்கும் என்பது இங்கே ஆராய்ந்தவர்கள் போட்ட கணக்கு. கூலி கேட்காத ஆள்! சங்கத்தில் சேர்க்கவும் முடியாது. 1984-ல் டக்கெட் என்பவர் தோட்ட அதிபர்களின் சஞ்சிகையிலேயே எழுதினார்: இரண்டாம் தலைமுறை மருந்து வைக்க ஆரம்பித்த தோட்டத்தில் கூகைகள் மளமளவென்று மறைந்துபோயின. விஷம் தின்ற எலியைத் தின்று, அந்த விஷம் ஈரலில் சேர்ந்து செத்தன. எலியைப் பிடிக்கிறவனைக் கொன்றுவிட்டு எலியைக் கொல்ல மேலும் மருந்து வாங்குவது என்ன கணக்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கூகை கூவினால் வீட்டில் சாவு விழும் என்று நம் லயங்களில் கல்லெறிந்து விரட்டுவார்கள். அந்தக் கல்லைக் கீழே போடுங்கள். அது கூவுகிற வீட்டில் எலி குறையும். எலி குறைந்தால் எலிக்காய்ச்சலும் குறையும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்களைப் பிடிக்கிற அந்த நோயை மலாயாவில் 1925-லேயே டாக்டர் பிளெட்சர் கண்டெழுதினார். ஆனால் டாக்டர்கள் சர்க்காருக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் 2010-ல்தான் அதைச் சேர்த்தார்கள். இங்கே பினாங்கிலேயே சயின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கூகைகளை நகரத்துக்குக் கொண்டுவந்து விட்டு, அவை எதைத் தின்கின்றன என்று பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். பெரும்பகுதி சாக்கடைப் பேரெலி; அடுத்தது மூஞ்சூறு. தோட்டத்துக்கு மட்டுமல்ல, டவுனுக்கும் உதவுகிற பறவை அது.

கிராணிமார்களுக்கு இப்போது ஒரு வார்த்தை. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் மருந்துக் கணக்குப் புத்தகம்தான் இந்த விவகாரத்தில் சாட்சி. "இத்தனை பெட்டி செலவு" என்று மட்டும் எழுதி மூடிவிடாதீர்கள். எந்தக் காடு, எத்தனையாவது சுற்று, வைத்த கட்டி எத்தனை, எலி எடுத்த கட்டி எத்தனை என்று எழுதுங்கள். கட்டி எடுக்கப்படாமலே கிடந்தால் மருந்து நனைந்தோ பூசணம் பிடித்தோ இருக்கலாம், அல்லது எலிக்குச் சந்தேகம் தட்டியிருக்கலாம். சுற்றுக்குச் சுற்று எடுப்பது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. ஆனால் ஐந்து, ஆறு சுற்று ஆகியும் எலி அதே அளவில் கட்டியைத் தின்றுகொண்டே இருந்தால்? அடுத்த காட்டிலிருந்து எலி வந்துகொண்டிருக்கலாம். அதைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தாங்கும் எலியா என்று சந்தேகப்பட வேண்டிய நேரம் அது. சில எலிகளை உயிரோடு பிடித்துக் கூண்டில் வைத்து, மருந்தையே உணவாகக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் வால் நுனியில் ஒரு துண்டு போதும். ஆராய்ச்சிக்கூடத்தில் மரபணுவையே படித்துவிடுகிறார்கள். உங்கள் புத்தகத்தில் அந்த எண்கள் இருந்தால் வெளிக்காட்டில் நடந்தவன் வேலை செய்தானா இல்லையா என்று யாரும் வாய்க்கு வந்தபடி பேச முடியாது.

நிர்வாகத்திடம் நாம் கேட்பதும் அதிகமில்லை. மருந்து பலிக்கவில்லை என்றால் ஆளைத் தண்டிப்பதற்கு முன் எலியைச் சோதியுங்கள். தாங்கும் எலி என்று தெரிந்த பிறகும் அதே மருந்தையே வைத்து அந்த எலியை வளர்க்காதீர்கள்; முன்னே சொன்னோமே, மருந்தை நிறுத்தினால் குறைகிற எலி அது. கூண்டு நாட்டிக் கூகையை வையுங்கள், ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு கூண்டு. அதிகக் காரமான மருந்துக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும்; அப்படிப் போனால் அதன் பெயரையும் ஆபத்தையும் கையுறையையும் சேர்த்து எங்களுக்குக் கொடுங்கள். இது நாம் கேட்கும் சலுகையல்ல. 1994-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2000-ல் வந்த ரசாயனப் பொருள் விதிகளும் முதலாளியின் கடமை என்றே சொல்கின்றன. பாராகுவாட் என்ற களைமருந்தைத் தோளில் சுமந்து தெளித்த நம் பெண்களின் நகமும் தோலும் போன பிறகு, 2020 ஜனவரி 1-ல்தான் அதற்கு முழுத் தடை வந்தது. அவ்வளவு காலம் மறுபடியும் காத்திருக்க நம்மிடம் கை கால் மிச்சமில்லை.

இன்னொரு செய்தி, வயதானவர்களுக்கு. எலியைக் கொல்லும் இதே வார்பரினை, மிகக் குறைந்த அளவில், 1954 முதல் மனிதருக்கும் மருந்தாகக் கொடுத்துவருகிறார்கள். 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். இருதய வால்வு மாற்றியவர்களும், இருதயத் துடிப்புத் தாறுமாறானவர்களும் நம் தோட்டங்களிலும் இதை விழுங்குகிறார்கள். எலிக்கு உள்ள அதே மரபணு நமக்கும் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அதில் சிறு வித்தியாசம் உண்டு. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சராசரியாகப் பார்த்தால் இந்தியருக்கு இந்த மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றும், அதற்குக் காரணம் இந்த மரபணுவே என்றும் கண்டார்கள். ஆகவே பக்கத்து வீட்டுச் சீன அப்பே ஒரு மாத்திரை போடுகிறார், எனக்கு ஏன் இரண்டு என்று நீங்களாகக் குறைத்துக்கொள்ளாதீர்கள். நம்மவரிலும் ஒருவர் அளவு மற்றவருக்கு ஆகாது. ரத்தம் சோதிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் எலி மருந்து வைக்கும் வேலைக்குப் போகவே கூடாது. பெரட்டிலேயே தண்டலிடம் சொல்லி வேறு வேலை கேளுங்கள். கேட்டு மறுத்தால் எங்களிடம் வாருங்கள்.

பிள்ளைகள் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. மெழுகுக் கட்டி சிவப்பாகவும் நீலமாகவும் மிட்டாய்போல இருக்கும். மிஞ்சிய கட்டியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்; லயத்து எலிக்கு ஆகுமென்று அடுப்படியில் வைக்காதீர்கள். பிள்ளை வாயில் போட்டுவிட்டது என்று தெரிந்தால், "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று காத்திருக்க வேண்டாம். எலிக்கு முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது என்று சொன்னோமே, பிள்ளைக்கும் அப்படித்தான். ஈறில் ரத்தமோ உடம்பில் கன்றலோ தெரியும்போது நாள் கடந்திருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மாற்று மருந்து இருக்கிறது: அதே வைட்டமின் 'கே'. போகும்போது மருந்துப் பெட்டியின் மேலட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வார்பரின் என்றால் சிகிச்சை சீக்கிரம் முடியும். புரோடிபாகூம் வகை என்றால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வைட்டமின் கொடுக்க வேண்டியிருக்கும். எது என்று அட்டையைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்லுவார். கிராணிமார்களே, அந்த அட்டையில் ஒன்றை ஆயாக் கொட்டகைச் சுவரிலும் ஒட்டிவிடுங்கள்.